பதினாறடி அகலம்

சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுக் கடைவீட்டை அளக்கப் போனால் நாடாவை முதலில் அகலத்துக்குப் பிடிக்க வேண்டும். பதினாறடி, பதினெட்டடி, மிஞ்சினால் இருபது. நீளம் அதைப்போல் மூன்று நான்கு மடங்கு உள்ளே போகும். அந்த ரோடு ஓடும் லிட்டில் இந்தியா பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது 1989இல். அதற்கு முன்னும் பின்னும் நான் வரைபடக்காரியாக இருந்த சிறிய அலுவலகத்துக்கு இந்த அளவெடுப்பு வேலை நிறைய வந்தது. அகலம் ஏன் இவ்வளவுதான் என்று கேட்டால் எங்கள் பெரியவர் மேலே கையைக் காட்டுவார். இந்தப் பக்கத்துப் பொதுச் சுவரிலிருந்து அந்தப் பக்கத்துப் பொதுச் சுவருக்கு ஒரே உத்தரம். மரம் எட்டுகிற தூரம்தான் வீடு.

கச்சிதமான வீடு என்றால் இன்று மடக்குக் கட்டிலையும் சுவருக்குள் ஒளியும் அலமாரியையும் காட்டுகிறார்கள். எனக்கு அதில் பெரிய மரியாதை இல்லை. நெருக்கடியான ஊரில் சிறிய வீட்டில் மனிதர் வாழ முடிகிறதென்றால், அதன் நடுவிலோ வாசலிலோ யாரோ கொஞ்சம் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். கடைவீட்டில் அது முற்றம். கூரை நடுவில் திறந்திருக்கும். சூடு மேலே போகும், வெளிச்சமும் மழையும் கீழே வரும். மின்விசிறியே இல்லாமல் அந்தப் பின்கட்டில் நின்று படம் வரைந்திருக்கிறேன்.

வாசலில் அது அஞ்சடி நடைபாதை. 1822 நவம்பரில், இங்கே ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ் நகரக் குழுவுக்குக் கொடுத்த உத்தரவில் செங்கல், ஓட்டு வீடுகள் எல்லாம் ஒரே மாதிரி முகப்போடு இருக்க வேண்டும், தெருவின் இருபுறமும் கூரையிட்ட நடைபாதை அறாமல் தொடர வேண்டும் என்று இருந்தது. உத்தரவு போட்டுவிட்டால் காலியாக இருக்குமா? கடைச் சாமான் வெளியே வந்தது, தையல்காரர் வந்தார், நாவிதர் வந்தார். 1888 பிப்ரவரியில் நகராட்சித் தலைவர் டாக்டர் ரோவல் அவற்றை அகற்றப் புறப்பட்டபோது கடைகள் அடைக்கப்பட்டன, தெருவில் கல் பறந்தது. கடைசியில் நடக்க வழி விட்டால் போதும் என்று சமரசம். அவர் பெயரில் தேக்கா பக்கம் ஒரு ரோடு இருக்கிறது. அங்கும் சாமான் வெளியேதான் இருக்கும்.

இந்தச் சுவர்களில் நம்மவர் கை உண்டு. 1819இல் பினாங்கிலிருந்து ராஃபிள்ஸோடு வந்த நாராயண பிள்ளை தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை போட்டார். சிராங்கூன் ரோட்டிலும் சூளைகள் எரிந்தன. அந்த வட்டாரத்தையே தமிழர் சுண்ணாம்புக் கம்பம் என்றார்கள். 1850களில் கட்டத் தொடங்கிய செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்கு இந்தியக் கைதிகள் பூசியது மெட்ராஸ் சுண்ணாம்பு: கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளை, வெல்லம், தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர். செட்டிநாட்டு வீட்டுச் சுவர் வழவழப்பதும் முட்டைப் பூச்சில்தான்.

செட்டிநாடு என்றதும் மார்க்கெட் ஸ்திரீட்டுக் கிட்டங்கிகளைச் சொல்லாமல் போக முடியாது. நெருக்கடி நகரில் தமிழர் வாழ்ந்த வகைகளில் நான் அதிகம் யோசித்தது அதைத்தான். நீளமான கூடம்; இருபுறமும் வரிசையாக வட்டிக்கடைகள். ஒவ்வொரு கடைக்கும் தரையோடு ஒரு மேசைப்பெட்டி, ஓர் அலமாரி, ஓர் இரும்புப் பெட்டி. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் எல்லாரும் பகலில் அங்கேயே கணக்கு எழுதி, இரவில் அங்கேயே பாய் விரித்தார்கள். சமையலும் குளியலும் பொது. ஊரில் இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று மாளிகை எழுப்பிய பணம் இங்கே பாயகலத்தில் படுத்தவர்கள் ஈட்டியது. மூன்றாண்டுத் தவணை முடிந்தால் ஊர் திரும்பலாம் என்பதால் பொறுத்துக்கொண்டார்கள். பெண்கள் ஊரில் வீடு காத்தார்கள். இந்தச் சிக்கனத்தைப் புகழ்கிறவர்கள் அதைச் சொல்வதில்லை. 1970களில் அந்த வட்டாரம் வங்கிக் கோபுரங்களுக்குப் போனது.

கடைவீட்டின் மாடிக்கு வந்த கதி வேறு. மரப்பலகைத் தடுப்புகள் போட்டு, ஜன்னலில்லாத பொந்துகளாகப் பிரித்து, வாடகைக்குள் வாடகை விட்டார்கள். முற்றத்தின் மேலும் கூரை போட்டு அங்கும் ஆள் வைத்தார்கள். 1907இல் பேராசிரியர் சிம்ப்சன் எழுதிய சுகாதார அறிக்கை காற்றும் வெளிச்சமும் இல்லாத இந்த அறைகளைத்தான் சுட்டியது. முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகளுக்கிடையே பின்சந்து வெட்டச் சொன்னது. சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிதி அமைய 1927 ஆனது. அது 32 ஆண்டுகளில் கட்டியது ஏறத்தாழ 23,000 வீடு. இதற்கிடையில் 1947இன் வாடகைக் கட்டுப்பாடு வந்து, வாடகை ஏறாததால் உரிமையாளர்கள் ஓடு மாற்றுவதையும் நிறுத்தினார்கள்.

1960இல் பிறந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) ஐந்தே ஆண்டில் 50,000க்கு மேல் கட்டியது. ஓரறை வீட்டு வாடகை அப்போது மாதம் 20 வெள்ளி. வீடு சிறியதுதான். ஆனால் வாசலில் பொது நடைவழி, எதிரெதிர் ஜன்னல், 1970களிலிருந்து புளோக்குக்குக் கீழே திறந்த தளம். கல்யாணம், துக்கம், மாமாக்களின் சதுரங்கம் எல்லாம் அங்கேதான். அஞ்சடிதான் அங்கே படுத்துக் கிடக்கிறது என்று நான் சொன்னால் பெரியவர் சிரிப்பார்.

இப்போது நான் இருப்பது மார்சிலிங்கில். கிராஞ்சி பக்கத்தில்தான், வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகள் அங்கே உள்ளன. ஞாயிற்றுக்கிழமை 170ஆம் எண் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது. புக்கிட் தீமா ரோடு வழியாக அது தேக்கா பக்கம் போகிறது. விடுதித் தம்பிகளுக்கு மார்க்கெட் ஸ்திரீட்டுக்காரர்களைப் போலவே தவணை வாழ்க்கை, வீட்டுக்காரி ஊரில். திண்ணை மட்டும் இருபது கிலோமீட்டர் தள்ளி, லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேன் அஞ்சடியில்.

2020இல் கொரோனா விடுதிகளுக்குள் பரவிய பிறகுதான் அளவு நாடா அங்கே போனது. அதற்கு முன் ஆளுக்கு 4.5 சதுர மீட்டர், பொது வசதிகளையும் சேர்த்து. 2021 செப்டம்பரில் புதிய விடுதிகளுக்கு வந்த விதி, பொது இடத்தைச் சேர்க்காமல் 4.2 என்றது. எண் சிறுத்திருக்கிறது, அறை பெருத்திருக்கிறது. வரைபடக்காரர்களுக்கு இந்த வித்தை பழக்கம். ஓர் அறையில் 12 பேருக்கு மேல் கூடாது, கட்டில்களுக்கிடையே ஒரு மீட்டர், ஆறு பேருக்கு ஒரு கழிப்பறை. நல்ல விதிகள். ஏற்கெனவே நிற்கும் விடுதிகள் முழுதும் இதற்கு வர 2040 வரை அவகாசம் உண்டு. பஸ்ஸில் என் பக்கத்தில் நிற்கிற தம்பியின் தவணை அதற்குள் முடிந்துவிடும்.