அப்பாவோட அம்பாஸடருக்கு பவர் ஸ்டீயரிங்... மாட்டுறதுக்கு முன்னாடி இதையெல்லாம் கவனிங்க!

வீட்டு போர்ட்டிகோவில் பழைய அம்பாஸடர் ஒன்று நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் துடைத்து, ஸ்டார்ட் செய்து, கோயில் வரை ஒரு ரவுண்டு போய் வருவது அப்பாவின் வழக்கம். போவதில் பிரச்னை இல்லை. திரும்பி வந்து, ரிவர்ஸில் கேட்டுக்குள் நுழைக்கும்போதுதான் சிக்கலே! தோள்பட்டை இழுக்கிறது, மூச்சு வாங்குகிறது. ஒருநாள், ``இனிமே நம்மால முடியாதுப்பா, வித்துடலாம்'' என்கிறார்.

உங்கள் வீட்டிலும் இந்தக் கதை ஓடுகிறதா? காரை விற்பதற்கு முன் யோசிக்க ஒரு வழி இருக்கிறது... பவர் ஸ்டீயரிங். ஆனால், சீட் கவர் மாற்றுவதுபோல நினைத்து மாட்டிவிடக் கூடாது. ஸ்டீயரிங்கில் சின்னத் தவறு நடந்தாலும் அது உயிர் விஷயம். என்னென்ன கவனிக்கணும்? பார்க்கலாம்.

ஏன் இவ்வளவு கனம்?

அம்பாஸடரின் பூர்வீகம் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. 1950-களின் டிசைன். அமெரிக்காவில் க்ரைஸ்லர் இம்பீரியல் காரில் 1951-லேயே பவர் ஸ்டீயரிங் வந்துவிட்டது என்றாலும், நம் ஊர் கார்களுக்கு அது எட்டாத சொகுசாகவே ரொம்ப நாள் இருந்தது. அதற்குப் பதிலாக, பெரிய ஸ்டீயரிங் வீலும், அதிகச் சுற்றுகளும்தான் டிரைவருக்குக் கைகொடுத்தன. வீல் பெரிதாக இருந்தால் நெம்புகோல் மாதிரி. கொஞ்சம் பலத்திலேயே திருப்பலாம்.

கார் ஓடும்போது இது போதும். நிற்கும்போது டயர் உருளாமல் தரையில் தேய்ந்துதான் திரும்ப வேண்டும். அதனால்தான் பார்க்கிங்கில் கை வலிக்கிறது. `வண்டி நகர்ந்துகிட்டே இருக்கும்போதுதான் ஸ்டீயரிங்கைத் திருப்பணும்' என்று அந்தக் கால டிரைவர்கள் சொல்வது இதனால்தான்.

முதல்ல இதைச் செஞ்சு பாருங்க!

பழைய கார்களில் ஸ்டீயரிங் இறுக்கமாக இருப்பதற்குப் பல நேரம் பராமரிப்புக் குறைவுதான் காரணம். செலவு செய்வதற்கு முன் இந்த நான்கையும் சரிபாருங்கள்.

* முன் டயர்களில் காற்று சரியாக இருக்கிறதா? குறைந்தால் ஸ்டீயரிங் கனக்கும்.

* அம்பாஸடரின் ஒரிஜினல் டயர் அளவு 5.90-15. அழகுக்காக அகலமான டயர் மாட்டியிருந்தால், தரையில் உரசும் பரப்பு கூடி, கனமும் கூடும்.

* முன் சக்கரப் பகுதியில் இருக்கும் கிரீஸ் நிப்பிள்களில் கடைசியாக எப்போது கிரீஸ் அடித்தீர்கள்? கார் அதிகம் ஓடாமல் நிற்கும்போது பழைய கிரீஸ் கட்டியாகிவிடும்.

* வீல் அலைன்மென்ட் பார்த்து எத்தனை வருஷம் ஆச்சு?

முன் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கிவிட்டு ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பாருங்கள். அப்போதும் டைட்டாக இருந்தால், கோளாறு ஸ்டீயரிங் ரேக்கிலோ ஜாயின்ட்டுகளிலோ இருக்கிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் பவர் ஸ்டீயரிங் மாட்டினால், நோயை மறைத்து வலி மாத்திரை போடுவது மாதிரிதான்!

இரண்டு வழிகள்

முதலாவது, ஹைட்ராலிக். இன்ஜினிலிருந்து பெல்ட் மூலம் ஒரு பம்ப் ஓடும். அது தரும் ஆயில் அழுத்தம் சக்கரத்தைத் திருப்ப உதவும். பிற்கால அம்பாஸடர்களில் சில மாடல்கள் பவர் ஸ்டீயரிங்குடனேயே வந்தவை என்பதால், அந்த உதிரிபாகங்கள் கிடைத்தால் நல்லது. ஆனால் பழைய இன்ஜினில் பம்புக்கு இடம், பிராக்கெட், கூடுதல் புல்லி எல்லாம் வேண்டும். ஏ.சி கம்ப்ரஸரும் இருந்தால் இடம் இன்னும் நெருக்கடி. ஹோஸ்கள் சூடான எக்ஸாஸ்ட் பக்கம் போகக் கூடாது. ஆயில் கசிந்து அதன் மேல் விழுந்தால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

இரண்டாவது, எலெக்ட்ரிக். நவீன சின்ன கார்கள் பலவற்றில் இருப்பதுபோல, ஸ்டீயரிங் காலத்திலேயே ஒரு மோட்டார். நீங்கள் எவ்வளவு பலம் கொடுக்கிறீர்கள் என்பதை சென்ஸார் உணர்ந்து சொல்ல, அதற்கேற்ப மோட்டார் உதவும். எல்லா வேலையும் டேஷ்போர்டுக்குக் கீழேயே முடிந்துவிடும். ஆயிலும் கிடையாது, பெல்ட்டும் கிடையாது. ரேக்கைத் தொடாததால் பழைய நிலைக்குத் திரும்புவதும் சுலபம். கிளாஸிக் கார் வைத்திருப்பவர்கள் இதை விரும்பக் காரணம் அதுதான்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். எலெக்ட்ரிக் மாட்டினால் கனம் குறையும். ஆனால், சுற்றுகள் குறையாது. பழைய ரேக் அப்படியே இருப்பதால், முன்பு எத்தனை சுற்று சுற்றினீர்களோ, அத்தனை சுற்றும் சுற்றியே ஆகணும். தவிர, மோட்டாரின் பலம் முழுக்க பழைய ஷாஃப்ட், ஜாயின்ட், ரேக் வழியாகத்தான் போகும். அவை தேய்ந்திருந்தால் முதலில் மாற்றிவிடுங்கள்.

கரன்ட் எங்கிருந்து வரும்?

நின்ற இடத்தில் முழுசாகத் திருப்பும்போது, இந்த மோட்டார் சில விநாடிகளுக்கு 40 ஆம்பியருக்கும் மேல் இழுக்கலாம். பழைய மாடல்களில் இருக்கும் டைனமோ, நல்ல வேகத்தில் ஓடும்போதே சுமார் 20 ஆம்பியர்தான் கொடுக்கும். ஐடிலிங்கில் அதுவும் கிடையாது. எனவே, டைனமோ காராக இருந்தால் ஆல்டர்னேட்டருக்கு மாறுவது கிட்டத்தட்ட கட்டாயம். பேட்டரியிலிருந்து நேராகத் தடிமனான ஒயர், தனி ஃபியூஸ், இக்னிஷனில் இயங்கும் ரிலே, நல்ல எர்த்... இவை நான்கும் இருக்கணும். சில பழைய பிரிட்டிஷ் டிசைன் கார்களில் பாசிட்டிவ் எர்த் இருக்கும். அதைக் கவனிக்காமல் இணைத்தால் கன்ட்ரோலர் காலி!

`வெல்டு வெச்சுத் தர்றேன் சார்' என்றால்..?

வேறு காரின் காலத்தை எடுத்து, ஷாஃப்ட்டை வெட்டி, வெல்டிங் வைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். செலவு குறைவுதான். ஆனால் அந்த வெல்டு ஒருநாள் விட்டுப்போனால், ஸ்டீயரிங் கையில் சுற்றும்; சக்கரம் திரும்பாது. அளவெடுத்துக் கடைந்த ஸ்ப்ளைன் ஜாயின்ட்டும் லாக் போல்ட்டும்தான் வேண்டும் என்று கறாராகச் சொல்லுங்கள்.

அடுத்தது, வேகம். பார்க்கிங்கில் வெண்ணெய் மாதிரி திரும்பும் ஸ்டீயரிங், ஹைவேயில் அதே லேசில் இருந்தால் வண்டி அலைபாயும். புது கார்களில் வேகம் கூடக் கூட உதவியைக் குறைக்கும் சிக்னல் இருக்கும். பழைய காரில் அது கிடையாது. வேக சென்ஸாரோ, உதவியின் அளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழோ இருக்கும் கன்ட்ரோலராகப் பார்த்து வாங்குங்கள்.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, ஆர்.சி-யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 15 வருடம் தாண்டிய சொந்த கார்களுக்கு ஆர்.சி புதுப்பிக்கும்போது ஸ்டீயரிங்கையும் பரிசோதிப்பார்கள். அதனால், வேலைக்கு முன்பே ஆர்.டி.ஓ அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

உங்கள் கார் 50 வயதைத் தாண்டியதா? 2021-ல் வந்த விதிகளின்படி விண்டேஜ் பதிவு வாங்க, சேஸி, பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இல்லாமல் ஒரிஜினலாக இருக்கணும். எனவே பாடியிலோ சேஸியிலோ வெட்டு, துளை வேண்டாம். கழற்றிய பழைய காலத்தை கிரீஸ் தடவி, சாக்கில் சுற்றிப் பத்திரப்படுத்துங்கள்.

டெலிவரி எடுக்கும் முன்...

காலி மைதானத்தில் ஓட்டிப் பாருங்கள். இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பும்போது எதுவும் உரசக் கூடாது. வளைவு முடிந்ததும் வீல் தானாக நேருக்கு வர வேண்டும். மெதுவாகப் போகும்போது பவர் ஸ்டீயரிங்கின் ஃபியூஸை மட்டும் கழற்றச் சொல்லிப் பாருங்கள். கனமானாலும் வண்டி உங்கள் சொல்பேச்சு கேட்கிறதா? அதுதான் முக்கியமான டெஸ்ட். எல்லாம் ஓகே என்றால் அலைன்மென்ட் பார்த்துவிட்டு, சாவியை அப்பாவிடம் கொடுங்கள். இந்த முறை ரிவர்ஸில் கேட்டுக்குள் நுழைக்கப்போவது அவர்தான்!