ஓய்வுக்குப் பின் மருத்துவக் காப்பு: அரசுத் திட்டமா, தனியார் காப்பீடா?

பணி ஓய்வு பெறும் நாளில் ஊதியத்தோடு மருத்துவக் காப்பையும் பலர் இழக்கின்றனர். நிரந்தரப் பணியிலிருந்து ஓய்வூதியத்துடன் விடைபெறும் தூய்மைப் பணியாளருக்கும், அதே தெருவை ஒப்பந்தக் கூலிக்குப் பெருக்கியவருக்கும் கிடைக்கும் காப்பு ஒன்றன்று. இப்பணியில் இருப்போரில் மிகப் பெரும்பான்மையினர் தலித்துகள் என்பதால், இந்த வேறுபாட்டை நாம் வெறும் நிர்வாகச் சிக்கலாகக் கருதிவிட முடியாது. எனவே உள்ள வாய்ப்புகளை வரிசைப்படுத்திப் பார்ப்போம்.

அரசு ஓய்வூதியர்

தமிழ்நாடு அரசு ஓய்வூதியருக்கான புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2022 ஜூலை முதல் நான்காண்டுகளுக்கெனக் கொண்டுவரப்பட்டது. அக்காலத்துக்கு மாதம் 497 ரூபாய் ஓய்வூதியத்தில் பிடிக்க வகைசெய்யப்பட்டது. காப்புத்தொகையான 5 லட்சம் ரூபாய் ஓராண்டுக்கு உரியதன்று, நான்காண்டுகளுக்கும் சேர்த்தே வரையறுக்கப்பட்டது. இதைப் பலர் கவனிப்பதில்லை.

ஈ.எஸ்.ஐ.

ஈ.எஸ்.ஐ. காப்பில் குறைந்தது ஐந்தாண்டுகள் பணியாற்றி, ஓய்வு வயதில் விலகும் தொழிலாளி, ஆண்டுக்கு 120 ரூபாய் செலுத்தினால் தமக்கும் தம் துணைவருக்கும் மருத்துவ உதவியைத் தொடர்ந்து பெறலாம். புறநோயாளர் சிகிச்சையும் மருந்தும் இதில் அடங்கும். இவ்வளவு குறைந்த செலவில் இத்தகைய காப்பு வேறெங்கும் கிடைப்பது அரிது. ஆனால் ஒப்பந்ததாரர் தொழிலாளியின் பெயரில் சந்தாவை முறையாகச் செலுத்தியிருக்க வேண்டும். ஓய்வுக்குச் சில ஆண்டுகள் முன்பே சந்தாப் பதிவுகளைச் சரிபார்ப்பது இன்றியமையாதது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பு உண்டு. பிரீமியத்தை அரசே செலுத்துகிறது. அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில், பட்டியலிடப்பட்ட சிகிச்சைகளுக்கு மட்டுமே இது பயன்படும். 2018இல் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இது இணைக்கப்பட்டது. 70 வயது நிறைந்தோர் அனைவரையும் வருமான வரம்பின்றிச் சேர்க்கும் விரிவாக்கத்தை ஒன்றிய அரசு 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கியது.

தனியார் காப்பீடு

2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, 65 வயதைக் கடந்தவர்களும் புதிய பாலிசி எடுக்க வழியுண்டு. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் 36 மாதங்களுக்கு மேற்படக் கூடாது. மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்த, ஒழுங்காற்று ஆணையத்தை முன்கூட்டியே கலந்தாலோசிக்க வேண்டும் என 2025 ஜனவரியில் உத்தரவிடப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை.

இத்தனைக்குப் பிறகும், வயது ஏற ஏறப் பிரீமியம் கூடுகிறது. அறை வாடகை வரம்பு, செலவில் ஒரு பங்கை நோயாளியே ஏற்கும் நிபந்தனை ஆகியவை பாலிசிக்குள் புதைந்திருக்கும். நீரிழிவையோ இரத்த அழுத்தத்தையோ மறைத்துப் பாலிசி எடுத்தால், தேவைப்படும் வேளையில் கோரிக்கை நிராகரிக்கப்படலாம்.

எப்படித் தேர்வது?

முதலில் உரிமையாகக் கிடைக்கும் ஈ.எஸ்.ஐ., ஓய்வூதியர் திட்டம், முதலமைச்சர் திட்டம் ஆகியவற்றை உறுதி செய்துகொள்ள வேண்டும். அருகிலுள்ள எந்த மருத்துவமனை அத்திட்டத்தில் உள்ளது என்பதைப் பார்க்க வேண்டும். அதன் பிறகும் இடைவெளி இருந்து, பிரீமியத்தை ஆண்டுதோறும் தொடர்ந்து செலுத்த இயலுமானால் மட்டுமே தனியார் பாலிசியை நாடலாம். நடுவில் நிறுத்தப்படும் பாலிசியால், காத்திருந்த காலமும் கட்டிய பணமும் வீணாகும்.

முதியோரின் அன்றாடச் செலவு பெரும்பாலும் மாத்திரைகளுக்கே ஆகிறது. மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டால் மட்டும் உதவும் காப்பீடு இதைத் தாங்குவதில்லை. அரசு மருத்துவமனைகளும், 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவமுமே அச்சுமையைக் குறைக்கின்றன. ஆகவே காப்பீட்டு அட்டைகளைக் காரணம் காட்டிப் பொது மருத்துவமனைகளைப் பலவீனப்படுத்துவதை நாம் ஏற்க முடியாது. ஒப்பந்தத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் ஈ.எஸ்.ஐ. சந்தா செலுத்தப்படுவதை உள்ளாட்சி அமைப்புகள் உறுதிசெய்ய வேண்டும் என்பதே நமது உடனடிக் கோரிக்கை.