கதவும் பெயர்ப்பலகையும்: மினிக் காரின் வரலாற்றிலிருந்து சில குறிப்புகள்

ஒரு பொருளின் வரலாற்றை அதன் பெயரில் தேடுவதா, அதன் பொருத்துகளில் தேடுவதா? பிரித்தானியக் கைத்தொழிலைப் பொறுத்தவரை இக்கேள்விக்கு விடை சொல்லக்கூடிய எளிய சாட்சி மினிக் காரின் கதவு என்பேன்.

ஒரு காரின் பாகம் இன்னொரு காருக்குப் பொருந்துவது இன்று சாதாரண விடயம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்படியல்ல. பெரும்பாலான கார்கள் அரமும் சுத்தியலும் கொண்டு ஒவ்வொன்றாகப் பொருத்தப்பட்டன. 1908இல் இங்கிலாந்தின் புறூக்லன்ட்ஸ் ஓட்டத்திடலில் மூன்று அமெரிக்கக் கடிலாக் கார்கள் முற்றாகக் கழற்றப்பட்டன. பாகங்களை ஒன்றாகக் கலந்து, மீண்டும் மூன்று கார்களாகப் பூட்டினார்கள். மூன்றும் 500 மைல் ஓடின. அதற்குப் பிரித்தானியர்களே டூவர் கிண்ணத்தையும் வழங்கிக் கௌரவித்தனர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாகங்கள் மாற்றத்தக்கவையானால் அவற்றைப் பொருத்தும் தொழிலாளியும் மாற்றத்தக்கவனாகிறான். அரம் பிடித்த கைவினைஞன் நின்ற இடத்தில் இனி எவரும் நிற்கலாம். விரிவுரை மண்டபத்திலிருந்து வந்த என் போன்றவர்கள் இரண்டு நாள் பழக்கத்துடன் தொழிற்சாலை வரிசையில் நிற்க முடிவதும் இதனால்தான்.

இனி மினிக்கு வருவோம். 1952இல் ஒஸ்ரின் நிறுவனமும், மொறிஸை உள்ளடக்கிய நஃபீல்ட் நிறுவனமும் இணைந்து பி.எம்.சி. உருவானது. 1956 சுயெஸ் நெருக்கடியின் எரிபொருள் தட்டுப்பாட்டைத் தொடர்ந்து அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த சிறிய கார், 1959 ஆகஸ்ட் 26இல் இரண்டு பெயர்களில் வெளிவந்தது. லோங்பிறிட்ஜில் செய்தது ஒஸ்ரின் செவன். கௌலியில் செய்தது மொறிஸ் மினி-மைனர். முன்பக்கக் கம்பித்தட்டி, சின்னம், நிறம் ஆகியவற்றில்தான் வேறுபாடு. ஒன்றின் கதவைக் கழற்றி மற்றதில் பூட்டலாம். 1961இல் வந்த றைலி எல்ஃப், வூல்ஸ்லி ஹோர்னெற் இரண்டுக்கும் மூக்கும் வாலும் வேறு, விலையும் கூட. ஆனால் கதவு அதேதான்: வெளியே தெரியும் பிணைச்சல், சறுக்கித் திறக்கும் கண்ணாடி, கண்ணாடியை இறக்கும் பொறி இல்லாததால் கிடைத்த பெரிய உட்பை.

கதவு உண்மையில் மாறியது வேறு இடத்தில். 1965இல் அவுஸ்திரேலிய மினிக்குச் சுற்றி இறக்கும் கண்ணாடி வந்தது. பிணைச்சல் வெளியிலேயே இருந்தது. 1966இல் எல்ஃப், ஹோர்னெற் இரண்டிலும் பிணைச்சல் உள்ளே போனது. 1969இல் சாதாரண மினிக்கும் அதுவே நடந்தது. கதவு சற்றுப் பெரிதாகி, உடற்கூடும் மாறியதால், தொழிற்சாலைக் குறியீடே ஏ.டி.ஓ. 15இலிருந்து ஏ.டி.ஓ. 20 ஆனது. புதிய கதவைப் பழைய உடலில் அப்படியே பூட்ட முடியாது. ஒஸ்ரின், மொறிஸ் என்ற பெயர்கள் நீங்கி வெறும் 'மினி' என்றானதும் அதே ஆண்டில்தான். பெயர் இரண்டாக இருந்தபோது கதவு ஒன்று. பெயர் ஒன்றானபோது கதவு இரண்டு! வான், பிக்கப் வகைகள் அதன் பின்னரும் வெளிப் பிணைச்சலுடனேயே தொடர்ந்தன.

ஒரே காருக்கு இரண்டு பெயர் எதற்கு? ஒஸ்ரின் விற்பனையாளர்களும் மொறிஸ் விற்பனையாளர்களும் இணைப்பின் பின்னும் தனித்தனியாகவே இருந்தனர். இரு தரப்பையும் திருப்திப்படுத்த வேண்டியிருந்தது. பொதுக் கதவால் மிச்சம் பிடித்ததை இரட்டை நிர்வாகம் விழுங்கியது. போர்ட் நிறுவனம் ஒரு மினியைக் கழற்றிப் பார்த்து, ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 30 பவுண் நட்டம் எனக் கணக்கிட்டதாகச் சொல்லப்படுகிறது. 1968இல் பிரித்தானிய லேலண்ட், 1975இல் அரசுடைமை. 53 இலட்சத்துக்கும் மேற்பட்ட மினிகளின் பின் 2000 ஒக்டோபரில் உற்பத்தி நின்றது. 2005இல் லோங்பிறிட்ஜ் வீழ்ந்தபோது சுமார் 6,000 பேர் வேலையிழந்தனர்.

இவ்வீழ்ச்சிக்குத் தொழிலாளரின் வேலைநிறுத்தங்களே காரணம் என்ற கதை எம்மவர் மத்தியிலும் செலாவணியில் உண்டு. வேலைநிறுத்தங்கள் பாதிக்கவில்லை என நான் வாதிடமாட்டேன். ஆனால் ஒரே கதவுக்கு இரண்டு பெயர் வைத்தது தொழிலாளியல்ல. விலையை நிர்ணயித்ததும் அவனல்ல. வீட்டுக்கு அனுப்பப்பட்டவன் மட்டும் அவன்.

இதே கார்கள் யாழ்ப்பாணத்திலும் ஓடின என்பது இங்கு நினைக்கத்தக்கது. ஒஸ்ரினும் மொறிஸும் எம் தெருக்களின் வாடகைக் கார்கள். 1990களின் பொருளாதாரத் தடைக்குள் அவற்றை மண்ணெண்ணெயில் ஓட வைத்தவர்கள் எமது மெக்கானிக்மார். உதிரிப்பாகம் வராத இடத்தில் பொருந்தாததைப் பொருந்தச் செய்தாக வேண்டும். 1908இல் விடைகொடுக்கப்பட்டதாகக் கருதப்பட்ட கைத்திறனே அங்கு கைகொடுத்தது. அந்த மனிதரை இன்னொருவரால் மாற்றீடு செய்ய முடிந்திருக்காது.

உற்பத்தி ஒழுங்கு எவரையும் மாற்றத்தக்கவராக்குகிறது. அது குலையும்போதுதான் கைகளின் பெறுமதி தெரிகிறது. கைத்தொழில் வரலாற்றை நிறுவனப் பெயர்களின் எழுச்சி வீழ்ச்சியாக மட்டும் எழுதுபவர்கள், முதலில் கதவைத் திறந்து பிணைச்சல் எங்கே இருக்கிறது என்று பார்க்கட்டும்.