ஜான் வூடனுக்குப் பின்: யு.சி.எல்.ஏ. அணியின் பயிற்சியாளர் தேடல்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் பெரும்புகழ் பெற்றது, லாஸ் ஏஞ்சலஸ் நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் (யு.சி.எல்.ஏ.) அணி. அதன் தலைமைப் பயிற்சியாளர் ஜான் வூடன் முன்னாள் பள்ளி ஆங்கில ஆசிரியர். 1964 முதல் 1975 வரையிலான 12 ஆண்டுகளில் அவரது அணி 10 தேசியப் பட்டங்களை வென்றது. இவற்றுள் 7 பட்டங்கள் 1967 முதல் 1973 வரை இடைவிடாமல் கிடைத்தவை. 1975 இறுதி ஆட்டத்தில் கென்டக்கியை வென்று வூடன் ஓய்வு பெற்றார்.

அவர் இடத்துக்கு வந்த ஜீன் பார்ட்டோவின் அணி இரு பருவங்களில் 61 ஆட்டங்களில் 52இல் வென்றது. வேறு கல்லூரியாக இருந்தால் கொண்டாடியிருப்பார்கள். இங்கோ ஒவ்வொரு தோல்வியும் வூடனோடு ஒப்பிடப்பட்டது. வூடனும் ஆட்டங்களைக் காண அரங்குக்கு வந்துகொண்டிருந்தார். 1977இல் பார்ட்டோ விலகி, பர்மிங்காமிலுள்ள அலபாமா பல்கலைக்கழகத்தில் புதிய அணியை உருவாக்கச் சென்றார்.

வூடனிடம் ஆடிப் பயின்ற கேரி கன்னிங்காம் 58 ஆட்டங்களில் 50இல் வென்றும் இரண்டே ஆண்டுகளில் விலகினார். லாரி பிரவுன் 1980இல் இறுதி ஆட்டம் வரை அழைத்துச் சென்றார். அவரும் மறு ஆண்டே போய்விட்டார். அடுத்து வந்த லாரி ஃபார்மர், வால்ட் ஹசார்டு இருவரும் வூடனின் பழைய வீரர்கள்.

1988இல் வந்த ஜிம் ஹாரிக் 1995இல் பட்டத்தை மீட்டார். அடுத்த ஆண்டே, விருந்துச் செலவுக் கணக்கில் பொய்த் தகவல் தந்ததாகக் கூறி பல்கலைக்கழகம் அவரைப் பணிநீக்கம் செய்தது.