சாம்பல் சந்தைக் கேமராக்கள்: ஒரு வரலாறு

ஒரு நிறுவனம் உண்மையாகவே தயாரித்த கேமராவை, அந்நிறுவனம் அமைத்த விற்பனை வழிக்கு வெளியே, வேறொரு நாட்டில் வாங்கி இறக்குமதி செய்து விற்கும் வணிகமே சாம்பல் சந்தை எனப்படுகிறது. வணிகர்கள் இதை 'கிரே மார்க்கெட்' என்பார்கள். இவ்வாறு வரும் கேமரா போலி அன்று. முறையாகச் சுங்க வரி செலுத்தப்பட்டிருந்தால் அது கடத்தல் பொருளும் அன்று. உள்நாட்டு முகவர் விற்கும் கேமராவும் இதுவும் பெரும்பாலும் ஒரே தொழிற்சாலையில் பிறந்தவை. ஆயினும் விலையிலும், பழுது ஏற்பட்டால் யார் பொறுப்பேற்பார் என்பதிலும் இரண்டும் வேறுபடுகின்றன. இந்த வேறுபாடு குறித்து அமெரிக்காவிலும் பின்னர் இந்தியாவிலும் நீண்ட வழக்குகள் நடந்தன.

முகப்பூச்சில் தொடங்கிய சட்டம்

இச்சிக்கல் கேமராவில் தொடங்கவில்லை. பிரெஞ்சு முகப்பூச்சுத் தூள் ஒன்றின் அமெரிக்க வணிகத்தையும் வணிகக்குறியையும் பூர்ஷ்வா என்ற நிறுவனம் விலைக்கு வாங்கியிருந்தது. கேட்செல் என்பவர் அதே தூளைப் பிரான்சில் வாங்கி அமெரிக்காவில் விற்றார். கீழ் நீதிமன்றம் ஒன்று கேட்செலுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்ததும், 1922-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தில் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு பிரிவைச் சேர்த்தது. அதன்படி, அமெரிக்க உரிமையாளரின் இசைவின்றி அவரது வணிகக்குறி தாங்கிய வெளிநாட்டுப் பொருளை இறக்குமதி செய்யக்கூடாது. 1923-இல் உச்ச நீதிமன்றமும் பூர்ஷ்வா நிறுவனத்தின் பக்கமே நின்றது. 1930-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அப்பிரிவு நீடித்தது.

நியூயார்க் கடைகளும் மாமியா வழக்குகளும்

1980-களின் தொடக்கத்தில் அமெரிக்க டாலரின் மதிப்பு மிகவும் உயர்ந்தது. ஒரே ஜப்பானியக் கேமராவை ஆசியாவிலோ ஐரோப்பாவிலோ வாங்கி அனுப்பினால், அமெரிக்க முகவரின் விலையைவிடக் குறைவாக விற்க முடிந்தது. நியூயார்க்கின் தள்ளுபடிக் கடைகள் இந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொண்டன.

உள்நாட்டு முகவர்கள் இதை எதிர்த்தனர். விளம்பரம், உதிரிபாக இருப்பு, இலவசப் பழுதுநீக்கம் ஆகிய செலவுகளைத் தாங்கள் சுமக்க, அதன் பயனை மற்றவர்கள் அனுபவிக்கிறார்கள் என்பது அவர்களின் வாதம். மாமியா கேமராக்கள் பற்றிய ஒரு வழக்கில் 1982-இல் விதிக்கப்பட்ட இடைக்காலத் தடையை 1983-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. இந்தப் பொருளுக்கு முகவரின் உத்தரவாதம் இல்லை என்று சீட்டு ஒட்டினாலே வாங்குவோரின் குழப்பம் தீரலாம் என்பது அது சுட்டிய காரணங்களுள் ஒன்று. ஆனால் 1984-இல், மாமியாவின் அமெரிக்க வணிகக்குறியைப் பெற்றிருந்த ஓசாவா நிறுவனம் பி அண்ட் எச் போட்டோ கடை மீது தொடுத்த வழக்கில் நீதிபதி பியர் லெவால் தடை விதித்தார். பிறர் விற்ற கேமராவுக்கும் இலவசப் பழுதுநீக்கம் செய்ய நேர்வதால் முகவருக்கு இழப்பு. செய்ய மறுத்தால் அவரது நற்பெயர் கெடும் என்று அவர் கருதினார்.

1988-ஆம் ஆண்டுத் தீர்ப்பு

அமெரிக்கச் சுங்கத்துறையோ வேறொரு விதியைப் பின்பற்றிவந்தது. வெளிநாட்டுத் தயாரிப்பாளரும் அமெரிக்க வணிகக்குறி உரிமையாளரும் ஒரே நிறுவனமாகவோ ஒரே கட்டுப்பாட்டிலோ இருந்தால் அது இறக்குமதியைத் தடுக்காது. இதை எதிர்த்து வணிகக்குறி உரிமையாளர்களின் கூட்டமைப்பு தொடுத்த வழக்கில், 47-ஆம் தெருவின் பெயரைத் தாங்கிய நியூயார்க் கேமராக் கடை ஒன்றும் ஒரு தரப்பாக இருந்தது. 1988-இல் உச்ச நீதிமன்றம் இந்த விதியை ஏற்றது. ஜப்பானியத் தாய் நிறுவனமே அமெரிக்காவில் கிளை நடத்தும்போது, அக்கிளை சுங்கச் சாவடியிலேயே போட்டிப் பொருளைத் தடுப்பது இதனால் கடினமாயிற்று.

எனவே நிறுவனங்கள் உத்தரவாதத்தையே வேலியாக்கின. நிக்கானின் அமெரிக்கக் கிளை, சாம்பல் சந்தைக் கேமராவைக் கட்டணம் பெற்றுக்கூடப் பழுதுபார்க்காது என்று அறிவித்தது. பெயர்களும் நாட்டுக்கு நாடு மாறின. 1985-இல் வந்த மினோல்டாவின் 7000 கேமரா அமெரிக்காவில் மாக்சம் என்றும் ஜப்பானில் ஆல்ஃபா என்றும் விற்கப்பட்டது. 2003-இல் வந்த கேனான் 300டி அமெரிக்காவில் டிஜிட்டல் ரெபெல், ஜப்பானில் கிஸ் டிஜிட்டல். பெட்டியிலுள்ள பெயரே கேமரா எந்தச் சந்தைக்கு உரியது என்பதைக் காட்டிவிடும். நியூயார்க், கலிபோர்னியா மாநிலங்கள் இத்தகைய பொருளுக்குத் தயாரிப்பாளரின் உத்தரவாதம் இல்லையென்றால் கடைக்காரர் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று சட்டம் இயற்றின.

இந்தியாவில்

இந்தியாவில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கடுமையாக இருந்த காலத்தில், வெளிநாட்டுக் கேமரா பயணிகளின் பெட்டியிலோ சென்னை பர்மா பஜார் போன்ற கடைவீதிகள் வழியாகவோதான் பலருக்குக் கிடைத்தது. உள்நாட்டு முகவரின் பொருள், வெளியார் பொருள் என்ற தேர்வுக்கே அன்று பெரிதாக இடமில்லை. 1991-க்குப் பின் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. கேனான் 1997-லும் நிக்கான் 2007-லும் இந்தியாவில் கிளை தொடங்கின. அதன் பிறகே இத்தேர்வு பொருள் உள்ளதாயிற்று.

சட்டக் கேள்விக்கு விடை அளித்தது அச்சுப்பொறிகள் பற்றிய வழக்கு. சாம்சங் அச்சுப்பொறிகளை வெளிநாட்டில் வாங்கி இறக்குமதி செய்து விற்ற கபில் வாத்வா என்பவருக்கு எதிராக 2012 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். அதே ஆண்டு அக்டோபரில் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. உலகின் எந்தச் சந்தையிலும் முறையாக விற்கப்பட்ட பொருளை இந்தியாவுக்குக் கொண்டுவந்து விற்கலாம் என்றது. ஆனால் ஒரு நிபந்தனை விதித்தது: இப்பொருளுக்குச் சாம்சங்கின் உத்தரவாதம் கிடையாது, கடைக்காரரே உத்தரவாதம் தருகிறார் என்று கடையில் தெளிவாக எழுதி வைக்க வேண்டும்.

வாங்குபவர் கவனிக்க வேண்டியவை

1983-இல் நியூயார்க்கிலும் 2012-இல் டெல்லியிலும் நீதிமன்றங்கள் ஏறத்தாழ ஒரே கருத்துக்கு வந்தன: விற்பதைத் தடுப்பதற்குப் பதில் உண்மையைச் சொல்லச் செய்யலாம். கடைக்காரர் அதைச் சொல்லாதபோது கேட்டறியும் பொறுப்பு வாங்குபவரைச் சேர்கிறது.

இந்தியாவில் முறையாக இறக்குமதியான பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அவை இல்லாத பெட்டி ஐயத்துக்குரியது. ரசீதில் கேமராவின் வரிசை எண்ணும் சரக்கு மற்றும் சேவை வரியும் உள்ளனவா என்று பார்ப்பதும் தேவை. டிஜிட்டல் கேமராவுக்கான இவ்வரி 2019 ஜனவரியில் 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. ரசீதின்றி வாங்கும்போது கிடைக்கும் தள்ளுபடியில் பெரும்பகுதி, கட்டாமல் விடப்பட்ட இந்த வரியாகவே இருக்கலாம். அது சாம்பல் சந்தை அன்று, வரி ஏய்ப்பு. வரிக்குப் பதிவு செய்த ஒளிப்பட நிலையத்தார் ரசீதில்லாமல் வாங்கினால் உள்ளீட்டு வரிச் சலுகையையும் இழப்பர்.

'உத்தரவாதம் உண்டு' என்று கடைக்காரர் சொன்னால், அது யாருடைய உத்தரவாதம் என்பதே அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி. தயாரிப்பாளருடையது என்றால் நாட்டிலுள்ள அவர்களது சேவை மையங்களை நாடலாம். கடையினுடையது என்றால், அந்தக் கடை நிலைத்திருக்கும் காலம் வரைதான் அதற்கு மதிப்பு. விலைக் குறைவு அந்த இடரை ஈடுகட்டுகிறதா என்று கணக்கிட்ட பின்னரே இரண்டில் ஒன்றைத் தேர்வது நலம்.