கவலை, அக்கறை, கரிசனம்: பொருள் வேறுபாடுகள்

கவலை என்பது நேரப்போவதையோ நேர்ந்துவிட்டதையோ நினைத்து மனம் அலைக்கழிவது. அக்கறை என்பது ஒருவர் மீதோ ஒரு வேலையிலோ வைக்கும் பொறுப்பான ஈடுபாடு. இரண்டையும் பிரித்துக் காட்டுவது இவற்றோடு சேரும் வினைச்சொல். கவலையைப் ‘படுகிறோம்’, அக்கறையை ‘எடுக்கிறோம்’, ‘காட்டுகிறோம்’. இரவு எட்டாகியும் டியூஷன் போன மகள் திரும்பவில்லையே என்று வாசலிலேயே நிற்பது கவலை. அவள் வரும் தெருவில் விளக்கு எரிகிறதா என்று முன்கூட்டியே போய்ப் பார்ப்பது அக்கறை. கவலை இல்லாமலும் அக்கறை இருக்க முடியும்.

கவலை பழஞ்சொல். திருக்குறளின் ஏழாம் குறளிலேயே ‘மனக்கவலை’ வந்துவிடுகிறது. சங்க நூல்களில் கிளைபிரியும் வழிக்கும் கவலை என்றே பெயர். அக்கறைக்கு இணையான சொல் தெலுங்கில் ‘அக்கர’, அங்கே அதன் பொருள் தேவை. கன்னடத்தில் ‘அக்கரெ’, பொருள் அன்பு. தமிழில் வல்லின றகரம் இட்டே எழுத வேண்டும். இடையின ரகரம் போட்டால் எதிர்க்கரை ஆகிவிடும்.

கரிசனத்தில் மன இளக்கம் கூடுதல். ஆனால் பேச்சுவழக்கில் “என்ன, திடீர்க் கரிசனம்?” என்று சந்தேகத்தோடு கேட்கப்படுவதால் சொல்லின் மதிப்பு சற்றுக் குறைந்துவிட்டது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத பழமொழி இந்த வகைக் கரிசனத்தைத்தான் சொல்கிறது. பரிவுக்கு அந்தக் கறை படியவில்லை.

விசாரத்தின் வரலாறு இன்னும் சுவையானது. வடமொழியில் அது ஆராய்ச்சி. ரமண மகரிஷி போதித்த ஆத்ம விசாரத்தில் அப்பொருளே உள்ளது. வீட்டுப் பேச்சில் “ஒரே விசாரமா இருக்கு” என்றால் கவலை. துக்கம் விசாரிக்கப் போகிறவர் எதையும் ஆராய்வதில்லை. வாய்திறந்து ஒரு கேள்வியும் கேட்காமல், இழந்தவர் பக்கத்தில் சற்றுநேரம் உட்கார்ந்து எழுந்து வந்தாலும் விசாரித்ததாகவே கணக்கு. ஆராய்ச்சி, கவலை, ஆறுதல் மூன்றையும் ஒரே சொல் சுமப்பது அரிது.

இலங்கைத் தமிழில் கவலை பெரும்பாலும் துயரத்தைக் குறிக்கும். “கவலைப்படாதே” என்று தமிழ்நாட்டில் சொல்லும் இடத்தில் யாழ்ப்பாணத்தார் “ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ” என்பார்கள்.

செய்தித்தாளில் ‘நிலைமை கவலைக்கிடம்’ என்றால் நோயாளியின் உயிருக்கு ஆபத்து என்று பொருள். மனநல மருத்துவத்தில் பதற்றம் என்றும், இலங்கையில் பதகளிப்பு என்றும் வழங்குவது வேறு. அது நோய்நிலை. தூக்கமும் அன்றாட வேலையும் கெடும் அளவுக்கு நீடிப்பதை வெறும் கவலை என்று தள்ளிவிடக் கூடாது. மருத்துவரிடம் காட்ட வேண்டும்.