கம்ப்யூட்டர் நடத்திய குத்துச்சண்டை: மார்சியானோவா, அலியா?

போன வாரம் ஹாஸ்டல் மெஸ்ஸில் சாம்பார் ஆறிப்போகிற அளவுக்கு ஒரு சண்டை. விஷயம் ரொம்பப் பழையதுதான். பிராட்மேன் பெரிய ஆளா, சச்சின் பெரிய ஆளா? ஒரு கோஷ்டி 99.94 என்றது. இன்னொரு கோஷ்டி நூறு செஞ்சுரி என்றது. "பிராட்மேன் டெஸ்ட் ஆடினதே ரெண்டு நாட்டுலதான்டா!" "ஹெல்மெட் இல்லாம ஆடினாருடா!" தட்டு கழுவுகிற இடம் வரைக்கும் போனது. முடிவு? வழக்கம்போல ஒன்றும் இல்லை.

ரூமுக்கு வந்து படுத்த பிறகு ஒரு யோசனை. இரண்டு வேறு காலத்து ஆட்களை நிஜமாகவே மோதவிட்டுப் பார்க்க யாராவது முயற்சி செய்திருக்கிறார்களா? செய்திருக்கிறார்கள். கிரிக்கெட்டில் இல்லை, குத்துச்சண்டையில். 1969ல் ராக்கி மார்சியானோவையும் முகமது அலியையும் ஒரே ரிங்கில் ஏற்றி, யார் ஜெயித்தார் என்று ஒரு கம்ப்யூட்டரைச் சொல்ல வைத்தார்கள். அந்தக் கதைதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஆட்கள் யார் என்று பார்த்துவிடுவோம்.

ராக்கி மார்சியானோ 1923ல் பிறந்த அமெரிக்கர். மாசசூசெட்ஸில் உள்ள பிராக்டன் ஊர்க்காரர், இத்தாலியக் குடும்பம். உயரம் ஆறடிக்கும் குறைவு, எடை 185 பவுண்டுக்குப் பக்கம். ஹெவிவெயிட்டுக்கு இது சின்ன உடம்பு. அழகாகச் சண்டை போடுகிறவர் இல்லை. முன்னால் போய்க்கொண்டே இருப்பார். பத்து குத்து வாங்கி ஒரு குத்து விடுவார், அந்த ஒன்றில் எதிராளி விழுந்துவிடுவார். 1952ல் பட்டம் வென்றார், 1956ல் ஓய்வு பெற்றார். மொத்தம் 49 சண்டை, 49 வெற்றி, அதில் 43 நாக் அவுட். கடைசி வரை ஒரு தோல்விகூட இல்லாமல் வாழ்க்கையை முடித்த ஹெவிவெயிட் சாம்பியன் இவர் ஒருவர்தான்.

முகமது அலியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கம், 1964ல் 22 வயதில் சோனி லிஸ்டனை வீழ்த்தி உலகப் பட்டம். ஆறடி மூன்று அங்குலம். அந்த உடம்போடு ரிங்கில் நடனமாடுகிற வேகம். 1967 மார்ச் வரை 29 சண்டை, 29 வெற்றி. ஏப்ரலில் வியட்நாம் போருக்கான ராணுவச் சேர்ப்பை மறுத்தார். உடனே பட்டத்தைப் பறித்தார்கள், சண்டை போடும் உரிமத்தையும் எடுத்துக்கொண்டார்கள். ஜூனில் கோர்ட் ஐந்து வருஷ ஜெயில் தண்டனை விதித்தது. அப்பீல் நடந்ததால் உள்ளே போகவில்லை, ஆனால் ரிங்குக்குள்ளும் போக முடியவில்லை. அப்போது அவருக்கு வயது 25.

ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டார். இன்னொருவரை வேலை செய்யவே விடவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ரேடியோவில் ஆரம்பித்த விளையாட்டு

மயாமியில் மர்ரி வொரோனர் என்று ஒரு ரேடியோ தயாரிப்பாளர். 1967ல் அவருக்கு ஒரு ஐடியா வந்தது. சரித்திரத்தின் 16 ஹெவிவெயிட் வீரர்களை எடுத்து ஒரு கற்பனை டோர்னமெண்ட் நடத்துவோம், யார் ஜெயித்தார் என்பதைக் கம்ப்யூட்டர் சொல்லட்டும். என்சிஆர் 315 என்ற மெஷின். ஒவ்வொரு வீரரின் வேகம், குத்தின் பலம், அடி தாங்கும் சக்தி, முகம் கிழிகிற சுபாவம், தைரியம் என்று வகை வகையாக மதிப்பெண் போட்டு, அதை எல்லாம் உள்ளே கொடுத்தார்கள். வெளியே வந்த விவரத்தை வைத்து நிஜ மேட்ச் போலவே ரேடியோவில் வர்ணனை செய்தார்கள். இன்றைக்கு வீடியோ கேமில் யார் வேண்டுமானாலும் செய்கிற வேலை. அன்றைக்கு அது பெரிய அதிசயம். கம்ப்யூட்டர் சொன்னால் அதற்கு அப்பீலே இல்லை என்று ஜனங்கள் நம்பிய காலம்.

தைரியத்துக்கு எத்தனை மார்க் என்று கம்ப்யூட்டருக்கு யார் சொன்னது என்று நீங்கள் கேட்கலாம். மனிதர்கள்தான் சொன்னார்கள். குத்துச்சண்டை நிபுணர்கள், பத்திரிகைக்காரர்கள். மெஷின் கூட்டிக் கழித்தது, அவ்வளவுதான்.

ஃபைனலில் மார்சியானோ ஜாக் டெம்ப்ஸியை வென்றார். அலி? கால் இறுதியிலேயே தோற்றுப் போனார். யாரிடம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஜிம் ஜெஃப்ரீஸிடம்.

ஜெஃப்ரீஸ் 1899லிருந்து 1905 வரை சாம்பியனாக இருந்த வெள்ளைக்காரர். பட்டம் கையில் இருந்தவரை எந்தக் கறுப்பின வீரருக்கும் அதற்காக மோத வாய்ப்புக் கொடுக்கவில்லை. 1908ல் ஜாக் ஜான்சன் முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியன் ஆனதும், வெள்ளையர்களின் மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்லி ஓய்விலிருந்த ஜெஃப்ரீஸை இழுத்து வந்தார்கள். 1910 ஜூலை 4, ரீனோ நகரம். ஜான்சன் 15வது ரவுண்டில் அவரை முடித்துவிட்டார். அன்று இரவு அமெரிக்கா முழுக்கக் கலவரம், பல உயிர்கள் போயின. அப்படிப்பட்ட ஜெஃப்ரீஸிடம் அலி தோற்றதாக ரேடியோ அறிவித்தது. பட்டத்தை வாங்கிக்கொண்டது போதாது என்று, கற்பனையிலும் தோற்கடித்துவிட்டார்கள். அலி பத்து லட்சம் டாலர் கேட்டு மான நஷ்ட வழக்குப் போட்டார்.

ஒரு நிமிஷ ரவுண்டுகள்

வழக்கு சமாதானத்தில் முடிந்தது. எப்படி என்றால், அலியும் மார்சியானோவும் கேமரா முன்னால் மோத வேண்டும், அதைப் படமாக எடுத்துத் தியேட்டரில் வெளியிடலாம் என்று. அலிக்குச் சண்டை இல்லை, வருமானம் இல்லை, வக்கீல் ஃபீஸ் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. ஒப்புக்கொண்டார்.

மார்சியானோவுக்கு வயது 45. ரிங்கை விட்டு 13 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. படத்துக்காகவே சுமார் 20 கிலோ எடையைக் குறைத்தார். வழுக்கையை மறைக்க ஒரு விக். அலியின் குத்து ஒன்றில் அந்த விக் பறந்து போனதாகவும் ஒரு கதை உண்டு :-)

1969 கோடையில் மயாமியில் ரகசியமாகப் படப்பிடிப்பு. ஒவ்வொன்றும் ஒரு நிமிஷம் என்று எழுபதுக்கும் மேற்பட்ட ரவுண்டுகள். முகத்தில் விடுகிற குத்தை அடக்கிக்கொள்ள வேண்டும், உடம்பில் விடுகிற குத்து ஓரளவு நிஜம். ரத்தத்துக்குத் தக்காளி கெட்ச்அப். முடிவை மட்டும் விதவிதமாக எடுத்து வைத்துக்கொண்டார்கள். அலி விழுகிற மாதிரி ஒன்று, மார்சியானோ விழுகிற மாதிரி ஒன்று, இப்படி. எது திரையில் வரும் என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

படப்பிடிப்பு முடிந்து சில வாரங்களில், ஆகஸ்ட் 31ந் தேதி, அயோவா மாநிலத்தில் ஒரு சின்ன விமானம் விழுந்து மார்சியானோ இறந்து போனார். மறுநாள் அவருக்கு 46வது பிறந்த நாள். தான் ஜெயித்தோமா தோற்றோமா என்று தெரியாமலே போய்விட்டார்.

1970 ஜனவரி 20. அமெரிக்கா முழுக்கத் தியேட்டர்களில் ஒரே இரவில் படம் ஓடியது. 13வது ரவுண்டில் மார்சியானோ நாக் அவுட் வெற்றி. அது அலபாமாவில் செய்த கம்ப்யூட்டராக இருக்கும் என்று அலி கிண்டலடித்ததாகச் சொல்வார்கள். நிறவெறிக்குப் பேர் போன மாநிலம் அலபாமா. ஐரோப்பாவில் காட்டிய ஒரு பதிப்பில், மார்சியானோவின் முகம் கிழிந்து சண்டை நிறுத்தப்பட, அலி ஜெயித்துவிட்டார்!

ஒரே சண்டை, ஒரே கம்ப்யூட்டர், ஊருக்கு ஒரு தீர்ப்பு. எந்த ஊர் ஜனங்கள் எதைப் பார்க்க ஆசைப்பட்டார்களோ அதுவே தீர்ப்பாக வந்திருக்கிறது. எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடமும் இதுதான், கோபம் வருகிற இடமும் இதுதான். அன்றைக்கு அலி நிஜ ரிங்கில் ஏற முடியாது. ஏறக் கிடைத்த ஒரே ரிங் இந்தக் கற்பனை ரிங். அதிலும் சொந்த நாட்டில் அவர் தரையில் கிடந்தார்.

நிஜமாகவே மோதியிருந்தால்?

அரசியலை விடுங்கள், உண்மையில் யார் ஜெயித்திருப்பார்கள்? இதையும் கொஞ்சம் யோசித்துப் பார்த்தேன். மூன்று சிக்கல் இருக்கிறது.

முதலாவது, முடியாத கணக்கு. மார்சியானோவின் கணக்கு 1955லேயே முடிந்துவிட்டது. அலியின் கணக்கு 1967ல் பாதியில் நிற்கிறது. அதுவரை அவர் தொடர்ந்து அதிகம் அடி வாங்கியதில்லை. அடி வாங்கினால் தாங்குவாரா என்று யாருக்கும் தெரியாது. 1971ல் ஃப்ரேசியரிடம் கடைசி ரவுண்டில் விழுந்து உடனே எழுந்த அலியை, 1974ல் கின்ஷாசாவில் ஃபோர்மேனின் குத்துகளைக் கயிற்றில் சாய்ந்தபடி வாங்கிவிட்டு 8வது ரவுண்டில் வீழ்த்திய அலியை, அந்தக் கம்ப்யூட்டர் பார்த்ததே இல்லை. பாதிப் பரீட்சை எழுதியவனுக்கு முழு ரிசல்ட் போட்ட மாதிரி.

இரண்டாவது, எந்தக் காலத்து விதி? மார்சியானோ பட்டம் வென்ற 1952 சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்சி ஜோ வால்காட் முதல் ரவுண்டிலேயே அவரைக் கீழே தள்ளினார். 12 ரவுண்டு முடிந்தபோது பாயிண்டில் வால்காட்தான் முன்னால் இருந்தார். 13வது ரவுண்டில் ஒரே ஒரு வலதுகைக் குத்து, வால்காட் சரிந்தார். அன்றைக்குப் பட்டச் சண்டைக்கு 15 ரவுண்டு. 1982ல் தென்கொரியாவின் கிம் டுக் கூ சண்டையில் அடிபட்டு இறந்த பிறகு அது படிப்படியாக 12 ஆகக் குறைந்தது. இன்றைய விதிப்படி நடந்திருந்தால் மார்சியானோ அன்று தோற்றிருப்பார். 49-0 என்பதே இருந்திருக்காது! எடையும் அப்படித்தான். இன்றைய கணக்கில் 185 பவுண்டுக்காரர் ஹெவிவெயிட்டே இல்லை, 200 பவுண்டுக்குக் கீழே உள்ள குரூஸர்வெயிட்.

மூன்றாவது, எந்த வயது? வேறு வேறு காலத்து வீரர்கள் நிஜமாகவும் மோதியிருக்கிறார்கள். 1910ல் ஜான்சன்-ஜெஃப்ரீஸ் அப்படித்தான். 1951ல் மார்சியானோவே தன் சிறு வயது ஹீரோ ஜோ லூயிஸை 8வது ரவுண்டில் நாக் அவுட் செய்தார். லூயிஸுக்கு வயது 37, கடன் தொல்லையால் ரிங்குக்குத் திரும்பியவர். ஜெயித்த மார்சியானோ அழுதார் என்று சொல்வார்கள். 1980 அக்டோபரில் 38 வயது அலியை லாரி ஹோம்ஸ் பத்து ரவுண்டு அடித்தார், அதற்கு மேல் அலியின் தரப்பு அவரை அனுப்பவில்லை. மூன்றிலும் பழைய ஆள்தான் தோற்றார். ஆனால் அதை வைத்து யார் பெரியவர் என்று யாரும் சொல்வதில்லை. தோற்றது வயதுதான் என்று எல்லோருக்கும் தெரியும்.

இதை எல்லாம் மீறி ஒரு தீர்ப்பு சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், 1966ல் இருந்த அலி, 15 ரவுண்டு, பாயிண்ட் வெற்றி என்பேன். கை நீளத்தில் பத்து அங்குல வித்தியாசம், அந்தக் கால் வேகம். மார்சியானோ பக்கத்தில் வருவதற்கே பாதி ரவுண்டு போய்விடும். ஆனால் நானும் அலி ரசிகன். என் தலைக்குள் இருக்கிற கம்ப்யூட்டரும் நான் கேட்டதைத்தானே சொல்லும்?

கடைசியாக ஒன்று. 1980 ஜனவரியில் அலி சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில், முன்னாள் சாம்பியன் ஜிம்மி எல்லிஸுடன் ஒரு கண்காட்சிச் சண்டை போட்டார். முதல்வராக இருந்த எம்.ஜி.ஆரும் வந்திருந்தார். எங்கள் பெரியப்பா அன்று கூட்டத்தில் இருந்தவர். இந்தக் கட்டுரை எழுதும்போது போன் போட்டு, "பெரியப்பா, அலி மார்சியானோவை ஜெயிச்சிருப்பாரா?" என்று கேட்டேன்.

"யாருப்பா அது மார்சியானோ?" என்றார்.

"சரி விடுங்க, அன்னைக்கு சண்டை எப்படி இருந்தது?"

"சண்டை எங்க போட்டாரு? சும்மா விளையாட்டு காட்டினாரு. தூரத்துல இருந்துதான் பாத்தேன். ஆனா பாத்தேன்ல?"

நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தக் குரலில் இருந்த பெருமை குறையவே இல்லை. பெரியப்பாவிடம் எந்தக் கம்ப்யூட்டரும் வாதாட முடியாது என்று தோன்றியது. மெஸ்ஸில் சச்சினுக்காகக் கத்தினவர்களும் அவரைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான்.

அடுத்த தடவை மெஸ்ஸில் யாராவது ஆரம்பித்தால் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்கப் போகிறேன். எந்த வருஷத்து பிராட்மேன், எந்த வருஷத்து சச்சின், எந்த வருஷத்து ரூல்? அதைச் சொல்லிவிட்டுச் சண்டை போடுங்கள். சாம்பாராவது ஆறாமல் இருக்கும்.